எலி வளையானாலும்

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை, வாகட்டில் பன்னிரண்டாவது மாடியில் உள்ள ஒரு வாடகை வீட்டுக்கு, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே சிரியப் பொன்னிற ஹாம்ஸ்டர் ஒன்று இருந்தது. ஆண்டுத் தேர்வு முடிந்தால் வாங்கித் தருவதாக ஐந்தாம் வகுப்பு மகளுக்குத் தந்தை தந்திருந்த வாக்கு அது. பெட்டியுடன் ஒரு கம்பிக் கூண்டும் வந்தது. நான்கு அடுக்குச் சாப்பாட்டுக் கேரியரைப் படுக்க வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் பரப்பு. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மரச்சீவல், தேநீர்த் தட்டின் அளவில் ஒரு ஞெகிழிச் சக்கரம், ஒரு தண்ணீர்க் குப்பி, ஒரு தீனிக் கிண்ணம். இவ்வளவும் இருந்தால் போதும் என்றார் கடைக்காரர். இன்னொன்றும் சொன்னார்: ஒன்றை மட்டும் வாங்கினால் ஏங்கிப் போகும், இணையாக வாங்குங்கள் என்று. தந்தையின் கையிருப்பு ஒன்றோடு நின்றது. அந்தச் சிக்கனமே பிற்பாடு பெரும் நன்மையாயிற்று.

அந்த வீட்டில் நால்வர். தந்தையும் தாயும் ஹிஞ்சவடியில் கணினிப் பணியில் இருப்பவர்கள். நான்காமவர் தந்தையின் தாயார். மன்னார்குடிக்குப் பக்கத்துச் சிற்றூரில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கணவர் மறைந்தபின் மகனுடன் வந்து தங்கியவர். பேத்திக்கு அவர் அப்பாயி. வீட்டில் இருப்பவை இரண்டே படுக்கையறைகள். ஒன்றில் பெற்றோர், மற்றொன்றில் பேத்தியும் அப்பாயியும். மராத்தியும் இந்தியும் அறியாத அப்பாயிக்குப் பகற்பொழுது மாடத்தில் கழியும். கீழே மும்பை – பெங்களூரு நெடுஞ்சாலையின் இரைச்சல். எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் மற்றொரு கோபுரக் கட்டடம். ஊரில் பூட்டிக்கிடக்கும் ஓட்டு வீட்டை விற்று, அந்தப் பணத்தை இங்கே சொந்த வீட்டுக்கு முன்பணமாகக் கட்டலாம் என்ற பேச்சு ஓராண்டாக நடந்துவந்தது. ஒவ்வொரு முறையும் அப்பாயி பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்.

மூன்றாம் இரவு அந்த ஒலி தொடங்கியது. நள்ளிரவு தாண்டி, கம்பியைப் பல்லால் கவ்வி இழுக்கும் கிறீச்சொலி, விட்டு விட்டு, விடியும்வரை. அமெரிக்க அலுவலகத்துடன் பேசிக்கொண்டிருந்த தந்தை எழுந்து வந்து கூண்டைத் தட்டினார், நின்றது, மீண்டும் தொடங்கியது. சேட்டை என்றார் அவர். பசி என்றார் தாய். துணைக்கு ஏங்குகிறது என்றாள் மகள். கடைக்காரர் சொன்னது அவள் நெஞ்சில் பதிந்திருந்தது. கட்டிலில் விழித்துக் கிடந்த அப்பாயி ஒரே வரியில் சொன்னார்: “அது எலிடா. அதுக்கு மண்ணு வேணும்.”

அது எலியா என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. வேலைக்கு வரும் மராத்திப் பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு ‘உந்தீர்’ என்று முகம் சுளித்தார். மகளுக்கு அது ஹாம்ஸ்டர் மட்டுமே. எலி என்பது அவளுக்கு ஒரு வசைச்சொல். மொழியின் வழியில் பார்த்தால் மூவர் கூற்றிலும் பொருள் உண்டு. ஹாம்ஸ்டர் என்னும் சொல் ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஜெர்மனுக்கு அது ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பர் சொற்பிறப்பு அறிஞர். அதிலிருந்து பிறந்த ஜெர்மன் வினைச்சொல்லுக்குப் பதுக்கிவைத்தல் என்று பொருள். பெருந்தொற்றின் தொடக்கத்தில் கடைகளில் மாவையும் கழிவறைக் காகிதத்தையும் வாரிக் குவித்தவர்களை ஜெர்மானியர் இச்சொல்லாலேயே சுட்டினர். எபிரேய மொழியில் அதற்கு இட்ட பெயரும் சேர்த்துவைப்பவன் என்ற பொருள் தருவதே. வாங்கிச் சேர்க்கும் இயல்பே எங்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தார் ‘பண்டிகூட்’ என்று பெருச்சாளியை அழைக்கும் சொல்லோ தெலுங்கின் ‘பந்திகொக்கு’, அதாவது பன்றியெலி. கொறிக்கும் உயிர்கள் வயல்களைத் தாண்டுவதுபோலவே அவற்றின் பெயர்களும் மொழிகளைத் தாண்டிவிடுகின்றன.

அப்பாயிக்கு இந்த வரலாறு தெரியாது. அவருக்குத் தெரிந்தது வயலெலி. காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த வயல்களில் எலி வளை வெட்டி நெல் எடுப்பதை அவர் சிறுமியாகக் கண்டவர். பஞ்ச காலத்தில் அந்த நெல்லைப் புடைத்துக் கஞ்சி வைத்த வீடுகளையும் அறிந்தவர். வரப்பின் ஓரத்தில் வாய், உள்ளே வளைந்து செல்லும் வழி, கதிர் அடுக்கிய அறைகள் தனி, வைக்கோல் மெத்தையிட்ட படுக்கை தனி, ஆபத்துக்கு ஓடித் தப்ப வேறொரு வாய். வளைக்கு ஒரு பெரிய எலிதான், குட்டி போட்ட தாயானாலொழிய. இவற்றை அவர் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே போனார். விலங்கியலார் இன்று அந்தக் கரம்பெலியைப் பற்றி எழுதுவதும் ஏறத்தாழ இதுவே.

கூண்டுக்குள் இருந்த உயிரின் முன்னோரும் வயலின் அடியிலிருந்து வந்தவர்களே. சிரியாவின் அலெப்போப் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு மாதிரியைக் கொண்டு 1839-இல் ஜார்ஜ் ராபர்ட் வாட்டர்ஹவுஸ் இந்த இனத்தை முதன்முதலில் விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் இவ்வினத்தைப் பற்றி அறிவுலகம் அதிகம் கேள்விப்படவில்லை. எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியல் ஆய்வாளராக இருந்த சால் ஆட்லர், லீஷ்மேனியா நோயை ஆராய ஒரு சிறு விலங்கைத் தேடினார். சீன ஹாம்ஸ்டர்கள் ஆய்வுக்கு ஏற்றவையாயினும் அவற்றைத் தொடர்ந்து வரவழைப்பதும் இனம்பெருக்குவதும் அரிதாக இருந்தன. அவர் வேண்டுகோளை ஏற்று அலெப்போவுக்குச் சென்ற விலங்கியலார் இஸ்ரேல் அஹரோனி, 1930 ஏப்ரல் 12 அன்று ஒரு கோதுமை வயலை ஆழத் தோண்டி, ஒரு தாயையும் பதினொரு குட்டிகளையும் கண்டெடுத்தார். கலவரமுற்ற தாய் குட்டிகளில் ஒன்றைக் கடித்துக் கொன்றது. அஹரோனி தாயைக் கொன்றுவிட்டு, எஞ்சியவற்றைத் தம் மனைவியுடன் சேர்ந்து கையால் வளர்த்தார்.

பின்பு நடந்தது வீட்டமைப்பைப் பற்றிய பாடம். பல்கலைக்கழகத்தில் அவற்றை மரத்தளமுள்ள கூண்டில் இட்டனர். இரவோடு இரவாகத் தளத்தைக் கொறித்து ஓட்டையிட்டு ஐந்து வெளியேறின, ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எஞ்சிய சிலவற்றுக்காக, விலங்ககப் பொறுப்பாளர் ஒரு கம்பிவலைக் கூண்டை உலர்புல்லால் இறுக நிரப்பினார். பெண் அதற்குள் வழி குடைந்து கூடமைத்தது; அங்கேதான் இனப்பெருக்கம் தொடங்கியது. ஓராண்டுக்குள் அவை நூற்றைம்பதாகப் பெருகின என்பர். உலகெங்கும் ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இன்று வாழும் சிரிய ஹாம்ஸ்டர்களில் ஏறத்தாழ எல்லாம் அந்த ஒற்றை ஈற்றின் வழித்தோன்றல்கள். வாகட்டுக்கு வந்ததும் அவற்றுள் ஒன்றே.

மரத்தளத்தில் மடிந்தும் உலர்புல்லில் பெருகியும் அந்த முதல் ஹாம்ஸ்டர்கள் காட்டியதை ஆய்வாளர் பின்னர் அளந்து காட்டினர். ரோல்ஃப் காட்டர்மன் குழுவினர் அலெப்போச் சமவெளியில் முப்பது வளைகளை ஆராய்ந்து 2001-இல் எழுதினர்: வளைகளின் ஆழம் 36 முதல் 106 சென்டிமீட்டர், சராசரி 65. எந்த வளையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வளர்ந்த விலங்கு இல்லை. சுவிட்சர்லாந்தில் ஹாவுசன்பெர்கரும் உடன் ஆய்வாளரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஹாம்ஸ்டர்களுக்கு 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழங்களில் சீவல் நிரப்பிக் கொடுத்தனர். 10 சென்டிமீட்டரில் வாழ்ந்தவையே கம்பியை மிகுதியாகக் கடித்தன; சக்கரத்திலும் மிகுதியாக ஓடின. 80 சென்டிமீட்டர் ஆழத்தில் கம்பி கடிக்கும் நடத்தை காணப்படவே இல்லை. பன்னிரண்டாம் மாடியில் ஒரு முதியவள் சொன்ன ஒற்றை வரிக்கு இதைவிடச் சிறந்த அடிக்குறிப்பு தேவையில்லை.

மகளின் தாய் இரண்டு இரவுகள் இவற்றைப் படித்தார். பிறகு வேலை தொடங்கியது. வாகட் வாடகைக் குடிகளின் ஊர். பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் யாரேனும் ஒரு குடும்பம் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ பெயர்கிறது. அலமாரியும் மெத்தையும் குடியிருப்பின் வாட்சப் குழுவில் விற்பனைக்கு வருகின்றன. அவ்வாறு நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட பழைய மீன்தொட்டி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஓரத்தில் விரிசல் இருந்ததால் நீர் தாங்காது, சீவல் தாங்கும். கண்ணாடி மூடியை அகற்றிவிட்டுக் கம்பிவலை அடித்த மரச்சட்டம் ஒன்றைத் தச்சரிடம் செய்து பொருத்தினர். கண்ணாடித் தொட்டியில் காற்று மேல்வழியாக மட்டுமே புக முடியும். மூடியும் இறுகினால் உள்ளே புழுங்கும்.

நிரப்புவதில் வாதம் எழுந்தது. அப்பாயி உண்மையான மண்ணைக் கேட்டார். வயல் மண் வீட்டுக்குள் ஈரம் ஏறினால் இறுகும், பூஞ்சை பிடிக்கும், அதில் என்ன கிருமி இருக்கிறதென்று யார் அறிவார் என்றார் தாய். தேவதாரு, பைன் போன்ற பிசின் மணமுள்ள மரச்சீவலும் ஆகாது; அந்த ஆவி சிறு நுரையீரலை வருத்தும். மெத்தென்று இருக்கிறதே என்று பஞ்சு வைத்தால், இழை காலில் சுற்றி இறுக்கும். விழுங்கினால் குடலை அடைக்கும். இறுதியில், மணமற்ற காகிதச் சீவலையும் உலர்புல்லையும் மாற்றி மாற்றி அடுக்குவது என்று முடிவாயிற்று. புல் குறுக்கே கிடந்தால் குடைந்த வழி சரிந்துவிடாது. அப்பாயி தரையில் அமர்ந்து ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்தினார், ஒரு காலத்தில் குதிரில் நெல்லை நிரவிய அதே கைகளால். ஒரு முனையில் முப்பது சென்டிமீட்டர், அங்கிருந்து சரிந்து மறுமுனையில் பத்து. அலெப்போவின் சராசரியில் பாதிகூட இல்லை. ஆயினும் தொட்டியின் உயரம் அவ்வளவுக்கே இடம் தந்தது.

மற்றவை எளிதாக முடிந்தன. தேநீர்த்தட்டுச் சக்கரத்தில் ஓடினால் முதுகு வளையும். ஆகவே இருபத்தெட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள, இடைவெளியற்ற தளமுள்ள சக்கரம் வாங்கப்பட்டது. மேனியைத் தூய்மை செய்துகொள்ள ஹாம்ஸ்டருக்கு நீர் வேண்டாம், மணல் வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து கேட்டு வாங்கிய ஆற்றுமணலை அப்பாயி அலசி, காயவைத்து, சல்லடையில் சலித்துத் தூசி நீக்கி, வாணலியில் வறுத்தும் கொடுத்தார். விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்று கவிழ்ந்து படுக்கையறை ஆயிற்று. தீனிக் கிண்ணம் வெளியேறியது; கம்பும் சோளமும் கடையில் வாங்கிய கலவைத் தீனியும் சீவலின் மேல் தூவப்பட்டன. தேடி எடுத்துக் கன்னப்பையில் அடக்கிச் சென்று பதுக்குவதே அவ்வுயிரின் தொழில்; கிண்ணத்தில் குவித்து வைப்பது அத்தொழிலைப் பறிப்பது.

அன்றிரவு ஹாம்ஸ்டர் தொட்டிக்குள் விடப்பட்டது. விளிம்புகளை முகர்ந்து ஒரு சுற்று வந்தது. ஆழமான முனையில் முன்கால்களால் பறித்தது. ஐந்தே நிமிடத்தில் மறைந்துபோயிற்று. மறுநாள் காணவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கம்பி கடிக்கும் ஒலி நின்றிருந்தது. ஆனால் அந்த நிசப்தமே அச்சமாக மாறிற்று. மூன்றாம் நாள் பள்ளி விட்டு வந்த சிறுமி அழத் தொடங்கினாள். செத்துவிட்டது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்று கையை உள்ளே விட்டாள். அப்பாயி கையைப் பிடித்து நிறுத்திக் கண்ணாடியைச் சுட்டினார். குடைந்த வழியின் வாய், உள்ளிருந்து தள்ளிய சீவலால் அடைபட்டிருந்தது. “வாயடச்சிருக்கு பாரு கண்ணு. செத்த வளை தொறந்து கெடக்கும். உள்ள ஆளிருக்கு, வுடு.”

வளை வெட்டுவோர் வயலில் பார்ப்பது இதைத்தான். புதுமண்ணால் அடைத்த வாயே குடியிருப்பின் அடையாளம். நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்கு, சீவலைத் தள்ளிக்கொண்டு மூக்கு ஒன்று வெளிப்பட்டது; இரு கன்னங்களும் புடைக்கக் கம்பை அள்ளிக்கொண்டு மீண்டும் உள்ளே சென்றது. நால்வரும் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து பார்த்தனர். தந்தை அன்று அழைப்பொன்றைத் தவறவிட்டார்.

ஏப்ரலில் வெயில் நாற்பதைத் தொட்டது. வெப்பம் ஹாம்ஸ்டருக்குப் பெரும் பகை. இருபதிலிருந்து இருபத்து நான்கு பாகை அதற்கு இதம். தொட்டி மாடத்துக் கண்ணாடிக் கதவின் அருகிலிருந்து உள்சுவரின் ஓரத்துக்கு நகர்ந்தது. மின்சாரம் போகும் பிற்பகல்களில், உறையவைத்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்புறம் சாய்த்து வைத்தனர். மண்சட்டி தன் பங்கைச் செய்தது. குளிர்காலத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடுங்குளிரில் சிரிய ஹாம்ஸ்டர் விறைத்த துயிலில் ஆழும். இறந்ததெனக் கருதி உயிருடன் புதைத்தவர்களும் உண்டு.

வாகட்டுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ளது பாஷாண். அங்கே தேசிய வைராலஜி நிறுவனத்தின் உயர்பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது. கோவாக்சின் தடுப்பூசி மனிதருக்குப் பாதுகாப்பளிக்குமா என்ற கேள்வி எழுந்தபோது, அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைச் சிரிய ஹாம்ஸ்டர்களில் சோதித்தனர். தடுப்பூசி பெற்றவற்றின் நுரையீரல் காக்கப்பட்டது என்ற முடிவு 2021-இல் ஆய்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டு மன்னார்குடியில் வரிசையில் நின்று அப்பாயி போட்டுக்கொண்டதும் கோவாக்சினே. அதற்கும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், 1931-இல், மணல் ஈயின் கடியால் கருங்காய்ச்சல் பரவும் என்பதை ஷார்ட், ஸ்மித், சுவாமிநாத், கிருஷ்ணன் ஆகியோர் காட்டியதும் ஒரு ஹாம்ஸ்டரில்தான். அது சீன வகை. இந்நாட்டு மனிதர் அச்சிறு விலங்குக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. அவற்றின் தாயகத்திலோ, அலெப்போ உழவர் அவற்றைப் பயிரழிக்கும் பகையாகக் கண்டு நஞ்சு வைக்கின்றனர், காட்டினம் அருகிவருகிறது. கூண்டில் பெருகிய ஓர் இனம் மண்ணில் குறைந்துகொண்டிருக்கிறது.

இணை வேண்டும் என்ற மகளின் கோரிக்கை மே மாதத்தில் மீண்டும் எழுந்தது. தாய் காட்டர்மனின் கணக்கைச் சொன்னார்: வளைக்கு ஒன்று. வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர் இரண்டை ஓரிடத்தில் அடைத்தால் ஒன்று மற்றொன்றைக் கொல்லும்வரை போகும். அப்பாயி தன் கணக்கைச் சொன்னார், ஊரார் யாவரும் அறிந்த பழமொழியாக: எலி வளையானாலும் தனி வளை வேண்டும். சிறுமி சற்று யோசித்துவிட்டு, தனியாக இருந்தால் அழாதா என்று கேட்டாள். “தனியா இருக்கறது வேற, கண்ணு. போக எடமில்லாம இருக்கறது வேற” என்றார் அப்பாயி. மடிக்கணினியில் கண் பதித்திருந்த தந்தை தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் சற்று நேரம் தட்டாமல் நின்றன.

ஊர் வீட்டை விற்கும் பேச்சு அந்தக் கோடையில் எழவில்லை. ஜூன் முதல் வாரத்தில் தந்தை மன்னார்குடிக்குப் பயணச்சீட்டு எடுத்தார். ஓடு மாற்ற ஆள் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அப்பாயியும் உடன் சென்றார். இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவதாகப் பேத்தியிடம் சொல்லி, வறுத்த மணலை ஒரு டப்பாவில் அடைத்து வைத்துவிட்டுப் போனார்.

விடுமுறைக் காலங்களில் பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி ஹாம்ஸ்டர் வாங்க எண்ணுவோர் பலர். கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு விதி. முதலில் அதைக் கேட்கலாம். வீட்டில் நான்கடி இடமும் ஒன்றரை அடி உயரமும் ஒதுக்க இயலுமா என்று அளந்து பார்த்தபின் கடைக்குச் செல்வது அதைவிட நல்லது. அதன் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். அதில் பெரும்பகுதியை அது கண்ணில் படாமலே கழிக்கும். அதைத் தாங்கும் பொறுமை பிள்ளைகளுக்கு வாய்க்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாகட்டில் இப்போது மழைக்காலம். இரவு உணவுக்குப்பின் ஒரு பிடி கம்பைத் தூவும் பொறுப்பு சிறுமியுடையது. ஒவ்வொரு நாளும் மன்னார்குடிக்கு அழைத்து, வளையின் வாய் அடைபட்டிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அவள் சொல்ல வேண்டும். அடைபட்டிருக்கிறது என்று கேட்டபின்பே அப்பாயி தொலைபேசியை வைக்கிறார்.